நகர மன்றம் எப்படி முடிவெடுக்கிறது? வீவக குடியிருப்புக்குப் புதிதாக வந்தவர்களுக்கான வழிகாட்டி

சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு ஒன்றை வாங்கிக் குடியேறியவருக்கு மாதந்தோறும் ஒரு கட்டண அறிவிப்பு வரும். அதில் சேவை, பராமரிப்புக் கட்டணம் என்று குறித்திருக்கும். அதை அனுப்புவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அன்று. உங்கள் நகர மன்றம். தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் பலர் இதை நகராட்சி வரி போன்றது என்று எண்ணிக்கொள்கிறார்கள். சாலைக் குழி, குடிநீர், கட்டட அனுமதி என எல்லாவற்றுக்கும் அங்கே போய் நிற்கிறார்கள். அவை வேறு அமைப்புகளின் பொறுப்பு என்ற பதில் கிடைத்ததும், இந்த மன்றத்தால் நமக்கு ஆவது ஒன்றுமில்லை என்று முடிவுகட்டிப் பணத்தை மட்டும் கட்டிவருகிறார்கள். இந்த ஒதுக்கம் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. உங்கள் வீட்டு வாசலுக்கு வெளியே தொடங்கும் நடைவழி, மின்தூக்கி, விளையாட்டுத் திடல், மழையில் நனையாமல் நடக்கும் கூரைப்பாதை ஆகிய எல்லாவற்றையும் பற்றி, நீங்கள் கட்டும் பணத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டு முடிவெடுக்கும் அமைப்பு அதுதான். அந்த முடிவு எங்கே, எப்போது, எந்தப் பணத்தைக் கொண்டு எடுக்கப்படுகிறது என்பது தெரிந்தவரின் கோரிக்கைக்கும் தெரியாதவரின் கோரிக்கைக்கும் கிடைக்கும் பதிலில் பெரிய வேறுபாடு இருக்கிறது.

உங்கள் மன்றம் எது என்று உறுதிசெய்யுங்கள்

நகர மன்றத்தின் எல்லை நாடாளுமன்றத் தொகுதியின் எல்லையைப் பின்பற்றுவது. பல உறுப்பினர்களைக் குழுவாகத் தேர்ந்தெடுக்கும் ஒரு குழுத்தொகுதி தனியே ஒரு மன்றத்தை அமைக்கலாம். பல தொகுதிகள் சேர்ந்து ஒன்றை அமைத்துக்கொள்ளவும் செய்யலாம். ஆகவே வட்டாரத்தின் பெயரும் மன்றத்தின் பெயரும் ஒன்றாகவே இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சிராங்கூனில் குடியிருக்கும் பலர் அல்ஜுனிட்-ஹவ்காங் நகர மன்றத்தின் கீழ் வருகிறார்கள். கட்டண அறிவிப்பிலும் மின்தூக்கிக்கு அருகிலுள்ள அறிவிப்புப் பலகையிலும் மன்றத்தின் பெயர், அலுவலக முகவரி, அவசரத் தொலைபேசி எண் ஆகியவை இருக்கும். அந்த அவசர எண்ணைக் குடியேறிய அன்றே கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள். மின்தூக்கிக்குள் யாராவது சிக்கிக்கொண்டாலோ புளோக் எனப்படும் உங்கள் அடுக்குமாடிக் கட்டடம் முழுவதும் தண்ணீர் நின்றுபோனாலோ அழைக்க வேண்டியது அதைத்தான். 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள்.

கொண்டோமினியம் எனப்படும் தனியார் அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு நகர மன்றத்துடன் தொடர்பில்லை. அங்கே வீட்டு உரிமையாளர்கள் தாங்களே அமைத்துக்கொள்ளும் நிர்வாக அமைப்பு வேறு சட்டத்தின் கீழ் இயங்குகிறது. இக்கட்டுரை வீவக குடியிருப்பாளர்களுக்கானது.

யார் முடிவெடுக்கிறார்கள்

1980களின் நடுப்பகுதி வரை குடியிருப்புப் பேட்டைகளின் பொது இடங்களை வீடமைப்பு வளர்ச்சிக் கழகமே நேரடியாகப் பராமரித்துவந்தது. 1986இல் அங் மோ கியோவில் சோதனை முறையில் நகர மன்றங்கள் தொடங்கப்பட்டன. 1988இல் நகர மன்றச் சட்டம் நிறைவேறியபின் அந்த ஏற்பாடு தீவு முழுவதும் படிப்படியாகப் பரவியது. தாங்கள் வாழும் இடத்தைப் பற்றிய முடிவுகளில் குடியிருப்பாளர்களுக்குப் பங்கு வேண்டும், அவர்கள் தேர்ந்தெடுத்த நாடாளுமன்ற உறுப்பினர் அந்த முடிவுகளுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

எனவே நகர மன்றத்துக்கென்று தனித் தேர்தல் கிடையாது. பொதுத் தேர்தலில் வெற்றிபெற்ற நாடாளுமன்ற உறுப்பினர்கள் தாமாகவே மன்றத்தின் உறுப்பினர்கள் ஆகிறார்கள். அவர்களுள் ஒருவர் தலைவர். அவர்கள் வேறு சிலரையும் உறுப்பினர்களாக நியமிக்கிறார்கள். இவ்வாறு நியமிக்கப்படுபவர்களில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கினர் அந்த நகரத்தின் வீவக வீடுகளில் வசிப்பவர்களாக இருக்க வேண்டும் என்பது சட்டம். நிதி, பராமரிப்புப் பணி, ஏலக்குத்தகை (டெண்டர்), தணிக்கை போன்றவற்றுக்குத் தனித்தனிக் குழுக்கள் இருக்கும். அன்றாட வேலையை மன்றத்தின் சொந்த ஊழியர்களோ, ஏலக்குத்தகை வழியாக நியமிக்கப்படும் நிர்வாக நிறுவனமோ கவனித்துக்கொள்கிறது. தொலைபேசியில் உங்களிடம் பேசுபவர் பெரும்பாலும் உங்கள் புளோக்கைப் பார்த்துக்கொள்ளும் பேட்டை அதிகாரியாக இருப்பார். அவரால் பழுதான விளக்கை மாற்ற உத்தரவிட முடியும். புதிய கூரைப்பாதை கட்டலாமா என்று முடிவுசெய்ய முடியாது. அவரிடம் கோபப்படுவதால் பயனில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

தமிழ்நாட்டின் கிராம சபையில் ஊரார் கூடி அமர்ந்து தீர்மானம் நிறைவேற்றுவதுபோன்ற கூட்டம் இங்கு இல்லை. பொதுமக்கள் நேரில் கலந்துகொள்ளும் வாய்ப்புகள் வேறு வடிவத்தில் இருக்கின்றன. அவற்றைக் கீழே விளக்குகிறேன்.

எது மன்றத்தின் பொறுப்பு

உங்கள் வீட்டுக் கதவுக்கு வெளியே, புளோக்குக்கும் அதைச் சுற்றியுள்ள பேட்டைக்கும் பொதுவானவை மன்றத்தின் பொறுப்பு. நடைவழி, படிக்கட்டு, மின்தூக்கி, மாடித் தண்ணீர்த் தொட்டி, பொது விளக்குகள், கீழ்த்தளம், குப்பை சேகரிக்கும் இடம், புளோக்குகளுக்கு இடையிலான புல்வெளி, விளையாட்டுத் திடல், கூரைப்பாதை ஆகியவை அதில் அடங்கும். சாலையும் பேருந்து நிறுத்தமும் நிலப் போக்குவரத்து ஆணையத்தைச் சேர்ந்தவை. சாலையோர மரங்களைத் தேசியப் பூங்காக் கழகம் பார்த்துக்கொள்கிறது. கொசு உற்பத்தி, மாடியிலிருந்து குப்பை வீசுதல் போன்றவற்றின்மீது நடவடிக்கை எடுப்பது தேசியச் சுற்றுப்புற வாரியம். வாகன நிறுத்துமிடக் கட்டணமும், மேல்வீட்டிலிருந்து உங்கள் வீட்டுக் கூரையில் நீர் கசிவதும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திடம் போக வேண்டியவை. சொத்து வரி வசூலிப்பது உள்நாட்டு வருவாய் ஆணையம். அந்தப் பணம் நகர மன்றத்துக்கு வருவதில்லை.

இவற்றையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ‘ஒன்சர்வீஸ்’ செயலியில் புகைப்படத்துடன் பதிவுசெய்தால் அது உரிய அமைப்புக்கு அனுப்பப்படும். விளக்கு எரியவில்லை, ஓடு பெயர்ந்துள்ளது, நடைவழியில் பழைய சோபா கிடக்கிறது என்பன போன்ற சிறு பழுதுகளுக்கு இதுவே போதும். புதிதாக ஒன்று வேண்டும் என்று கேட்பதுதான் கடினம், அதற்குத்தான் நிதியின் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்.

பணம் எந்த நிதியிலிருந்து வருகிறது

இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நகர மன்றத்தின் வருவாயில் முதன்மையானது குடியிருப்பாளர்களும் கடைக்காரர்களும் கட்டும் சேவை, பராமரிப்புக் கட்டணம். வீட்டின் வகையைப் பொறுத்து அது மாறும். ஓரறை வீட்டுக்குக் குறைவு, எக்சிகியூட்டிவ் வீட்டுக்கு அதிகம். சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவர் இருக்கும் குடும்பங்களுக்குச் சலுகைக் கட்டணமும், நிரந்தரவாசிகள் மட்டுமே இருக்கும் குடும்பங்களுக்கு வழக்கமான முழுக் கட்டணமும் பொதுவாக விதிக்கப்படுகின்றன. ஒரே மாடியில், ஒரே அளவிலான பக்கத்து வீட்டுக்காரர் உங்களைவிடக் குறைவாகக் கட்டுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். குடும்பத்தில் ஒருவர் குடியுரிமை பெற்றதும் மன்றத்துக்குத் தெரிவித்து, எந்தக் கட்டணம் பொருந்தும் என்று கேட்டறிய வேண்டும். கட்டணத்தோடு அரசாங்கம் தரும் மானியமும் மன்றத்துக்குக் கிடைக்கிறது.

வந்த பணம் முழுவதையும் மன்றம் அந்த ஆண்டிலேயே செலவழித்துவிட முடியாது. கட்டணத்திலும் மானியத்திலும் குறைந்தது 26 விழுக்காட்டை நீண்டகால ஒதுக்கு நிதியிலும், குறைந்தது 14 விழுக்காட்டை மின்தூக்கி மாற்று நிதியிலும் சேர்க்க வேண்டும். ஆங்கிலக் கணக்கறிக்கையில் முதலாவது ‘சிங்கிங் ஃபண்ட்’ என்ற பெயரில் இருக்கும். மின்தூக்கிகளுக்கான தனி நிதி 2017இல் கொண்டுவரப்பட்டது. மன்றம் அதில் போடும் தொகையில் பாதியளவுக்கு அரசாங்கமும் இணைமானியம் தருகிறது. மின்தூக்கிக்கு ஏன் இவ்வளவு பெரிய ஏற்பாடு என்று வியப்பவர்கள், ஒரு மின்தூக்கியை ஏறத்தாழ 28 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும் என்பதையும், ஒரே பேட்டையின் புளோக்குகள் ஏறக்குறைய ஒரே காலத்தில் கட்டப்பட்டவை என்பதால் அவற்றின் மின்தூக்கிகள் எல்லாம் சேர்ந்தே வயதாகின்றன என்பதையும் நினைத்துப் பார்க்கலாம். சேமித்து வைக்காத மன்றம் அந்த ஆண்டில் கட்டணத்தைப் பலமடங்கு உயர்த்த வேண்டியிருக்கும்.

ஆக, வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) ஒன்றில் அறுபது காசு அளவுக்குத்தான் அன்றாடச் செலவுக்கான செயல்பாட்டு நிதியில் நிற்கிறது. துப்புரவு ஊழியர்களின் சம்பளம், பொது விளக்குக்கும் மின்தூக்கிக்குமான மின்சாரம், மின்தூக்கிப் பராமரிப்பு, குப்பை அகற்றுதல், தோட்டவேலை, சிறு பழுதுபார்ப்பு எல்லாம் அதிலிருந்தே நடக்கின்றன. நீண்டகால ஒதுக்கு நிதி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் பெரிய சுழற்சிப் பணிகளுக்கானது: புளோக்குகளுக்கு வண்ணம் பூசுதல், கூரையைப் புதுப்பித்தல், நீரேற்று இயந்திரங்களையும் குழாய்களையும் மாற்றுதல், மின்கம்பிகளை மாற்றுதல் போன்றவை. வண்ணப்பூச்சு ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும்.

மேம்பாடு என்று சொல்லத்தக்க புதிய வசதிகளில் பெரும்பாலானவை இந்த நிதிகளிலிருந்து முழுமையாக வருவதில்லை. புதிய கூரைப்பாதை, முதியோர் உடற்பயிற்சி மூலை, சக்கர நாற்காலிக்கான சரிவுப்பாதை போன்றவற்றுக்குச் சமூக மேம்பாட்டுத் திட்டங்களுக்கென்று தேசிய வளர்ச்சி அமைச்சு வழங்கும் நிதி இருக்கிறது. அதற்கான முன்மொழிவு, தொகுதியின் தொண்டூழியர்கள் அடங்கிய குடிமக்கள் ஆலோசனைக் குழு வழியாகப் போகிறது. இன்னும் பெரிய அளவில், பேட்டை முழுவதையும் சேர்த்துப் புதுப்பிக்கும் அக்கம்பக்கப் புதுப்பிப்புத் திட்டத்துக்கு அரசாங்கமே முழுச் செலவையும் ஏற்கிறது.

இந்தப் பிரிவினை தெரிந்தால் உங்கள் கோரிக்கையின் பாதையும் தெரிந்துவிடும். புளோக்கின் சுவர் மங்கிவிட்டது, வண்ணம் பூசுங்கள் என்று கேட்பவருக்குக் கிடைக்கும் சரியான பதில் அடுத்த சுழற்சி எந்த ஆண்டு என்பதே. அதற்கு முன்பாகப் பூசச் சொல்வது பெரும்பாலும் நிறைவேறாது. நடைவழி வாரத்துக்கு இத்தனை முறை கழுவப்பட வேண்டும் என்பது செயல்பாட்டு நிதியிலிருந்து செலவாகும் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. அடுத்த துப்புரவு ஒப்பந்தம் எழுதப்படும்போதுதான் அளவு மாறும். பேருந்து நிறுத்தத்திலிருந்து புளோக் வரை கூரை வேண்டும் என்பது மேம்பாட்டு நிதிக்குரியது. அதற்கு ஒருவரின் கடிதத்தைவிட அந்தப் பாதையைப் பயன்படுத்தும் பலரின் ஆதரவும் குடிமக்கள் ஆலோசனைக் குழுவின் முன்மொழிவும் தேவை.

முடிவு எப்போது எடுக்கப்படுகிறது

நகர மன்றத்தின் நிதியாண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. ஏப்ரலில் தொடங்கும் ஆண்டுக்கான வரவு செலவு மதிப்பீடு அதற்கு முன்பே தயாராகி மன்றத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும். மன்ற ஊழியர்கள் கணக்குப் போடத் தொடங்கும் காலம் முந்தைய ஆண்டின் இறுதிப் பகுதி என்று வைத்துக்கொண்டால், ஒரு புதிய கோரிக்கையைச் செப்டம்பர், அக்டோபர் வாக்கிலேயே எழுத்தில் கொடுத்துவிடுவது நல்லது. மார்ச் மாதத்தில் வரும் கோரிக்கை, அது எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும், மதிப்பீடு முடிந்த பிறகு வந்ததாகவே கருதப்படும்.

மதிப்பீடு ஒப்புதல் பெற்ற பிறகும் செலவு உடனே நடந்துவிடாது. சிறு தொகைப் பணிகளுக்கு மன்றம் பல நிறுவனங்களிடம் விலைப்புள்ளி கேட்கும். பெரிய பணிகளுக்குத் திறந்த ஏலக்குத்தகை நடத்தும். வந்த விண்ணப்பங்களை அதற்கான குழு ஆராய்ந்து பரிந்துரைக்கும். மன்றம் ஒப்பந்தம் வழங்கும். மிகக் குறைந்த விலையே எப்போதும் தேர்ந்தெடுக்கப்படும் என்பதில்லை. அனுபவம், தரம், பாதுகாப்பு ஆகியவையும் பார்க்கப்படும். இந்த நிலைகளையெல்லாம் கடக்க மாதக்கணக்கில் ஆகும் என்பதால், ஒப்புதல் கிடைத்ததாகக் கேள்விப்பட்டும் வேலை தொடங்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஏலக்குத்தகை எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்கும்.

கட்டண உயர்வும் மன்றம் எடுக்கும் முடிவே. 2023 ஜூலை 1 முதலும் 2024 ஜூலை 1 முதலுமாகப் பல நகர மன்றங்கள் இரு கட்டங்களில் கட்டணத்தை உயர்த்தின. மின்சாரச் செலவும், படிப்படியான ஊதிய முறையின்கீழ் துப்புரவு ஊழியர்களுக்குக் கூடிய சம்பளமும் அதற்கான காரணங்களுள் முக்கியமானவை. அதிகாலையில் நம் நடைவழியைப் பெருக்கும் மூத்த ஊழியரின் சம்பளம் உயர்வதற்காகச் சில வெள்ளி கூடுதலாகக் கட்டுவதை நான் குறையாக நினைக்கவில்லை. ஆனால் எதற்காக உயர்கிறது என்று கேட்கும் உரிமை எல்லாருக்கும் இருக்கிறது, கேட்கவும் வேண்டும்.

கோரிக்கையை எழுதும் முறை

முதலில் இடத்தைத் துல்லியமாகக் குறியுங்கள்: புளோக் எண், மாடி, எந்த மின்தூக்கிக் கூடம், எந்தப் படிக்கட்டு. அடுத்து, யாருக்கு என்ன இடையூறு என்பதை எழுதுங்கள். “இங்கே சரிவுப்பாதை இல்லை” என்பதைவிட, “இந்தப் புளோக்கில் சக்கர நாற்காலி பயன்படுத்தும் முதியவர்கள் சிலர் இருக்கிறார்கள், மூன்று படிகள் இருப்பதால் மருந்தகத்துக்குப் போக அவர்கள் வாகன நிறுத்துமிடத்தைச் சுற்றிச் செல்கிறார்கள்” என்பது வலிமையான வாக்கியம். அதைப் படிக்கும் அதிகாரி நேரில் வந்து பார்த்தால் உண்மை அப்படியே தெரியும். புகைப்படங்களையும், பாதிக்கப்படும் மற்றக் குடும்பங்களின் கையெழுத்துகளையும் இணைக்கலாம். கையெழுத்து வாங்கப் போகும்போது தமிழ்க் குடும்பங்களை மட்டும் நாடாமல், மாடியிலுள்ள மலாய், சீனக் குடும்பங்களையும் பாருங்கள். ஒரே வசதி எல்லாருக்கும் வேண்டியிருக்கிறது என்பது மன்றத்துக்குத் தெரிய வேண்டிய செய்தி.

மன்றத்துக்கு அனுப்பும் மின்னஞ்சலுக்குப் பதிவெண் ஒன்று கிடைக்கும்; அதைக் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த கடிதங்களிலெல்லாம் குறிப்பிடுங்கள். பதில் வராமலோ திருப்தி தராமலோ இருந்தால் அடுத்த படி, நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சி. பெரும்பாலும் வாரம் ஒருமுறை மாலையில், புளோக்கின் கீழ்த்தளத்திலோ அதற்கென உள்ள இடத்திலோ நடக்கும். முன்பதிவு பொதுவாகத் தேவையில்லை. அடையாள அட்டை, கட்டண அறிவிப்பு, முந்தைய கடிதங்களின் நகல் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். அங்கே தொண்டூழியர் ஒருவர் உங்கள் விவரத்தைக் கேட்டு எழுதிக்கொள்வார். பிறகு உறுப்பினரைப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் பேசத் தயங்குபவர்கள் தமிழ் தெரிந்த தொண்டூழியர் இருக்கிறாரா என்று கேட்கலாம். பெற்றோரை அழைத்துச் செல்லும் பிள்ளைகளே பேசிவிடாமல், “அம்மா, நீங்களே சொல்லுங்க” என்று விட்டுவிடுவது நல்லது. தினமும் அந்தப் படிகளில் ஏறுபவரின் சொல்லுக்கு இருக்கும் உறுதி மற்றவர் சொல்லில் இராது.

வாக்குரிமை இல்லாத நிரந்தரவாசிகளும் வாடகைக் குடியிருப்பாளர்களும் இந்த வழிகளையெல்லாம் பயன்படுத்தலாம். வசிப்போர் குழுவின் தேநீர் நிகழ்ச்சிக்கும் புளோக் கலந்துரையாடலுக்கும் அழைப்பு ஒட்டப்பட்டால் தவறாமல் போய் வாருங்கள். அந்தக் குழுவினரே குடிமக்கள் ஆலோசனைக் குழுவுக்கும் மன்றத்துக்கும் வட்டாரத்தின் தேவைகளை எடுத்துச் செல்பவர்கள்.

குடியிருப்பாளர்களின் ஆதரவு கணக்கிடப்படும் இடம்

அக்கம்பக்கப் புதுப்பிப்புத் திட்டம் 2007இல் அறிமுகமானது. நகர மன்றமே அதை நடைமுறைப்படுத்துகிறது. உங்கள் பேட்டை அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டால், வரைபடங்களும் மாதிரிகளும் கீழ்த்தளத்தில் காட்சிக்கு வைக்கப்படும். கருத்துப் படிவம் வரும். தகுதிபெற்ற வீடுகளில் குறைந்தது 75 விழுக்காடு ஆதரவு தெரிவித்தால்தான் திட்டம் தொடரும். இதில் புதியவர்கள் செய்யும் பிழை, முடிவெல்லாம் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது என்று எண்ணிக் காட்சியைப் பார்க்காமலே கடந்து போவது. உண்மையில் கூரைப்பாதை எந்தப் புளோக்கை இணைக்கும், திடல் எங்கே அமையும், இருக்கைகள் எங்கே போடப்படும் என்பவை மாறக்கூடிய காலம் அந்தச் சில வாரங்களே. ஒப்பந்தம் கொடுக்கப்பட்ட பிறகு ஒரு தூணைக்கூட நகர்த்த முடியாது.

வீடுகளின் உட்புறத்தைச் சீர்செய்யும் இல்ல மேம்பாட்டுத் திட்டத்தை இதனுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் திட்டம். அதற்கும் ஒவ்வொரு புளோக்கிலும் தகுதிபெற்ற சிங்கப்பூர்க் குடும்பங்களில் 75 விழுக்காட்டின் ஆதரவு தேவை.

கணக்கறிக்கையைப் படித்தல்

ஒவ்வொரு மன்றத்தின் கணக்கும் ஆண்டுதோறும் தணிக்கை செய்யப்பட்டு, ஆண்டறிக்கையோடு நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்படுகிறது. மன்றங்களின் இணையப் பக்கங்களிலும் கிடைக்கும். தடித்த அறிக்கை என்று மிரள வேண்டாம். நான்கு இடங்களைப் பார்த்தால் போதும். தணிக்கையாளரின் கருத்து குறை ஏதுமின்றி இருக்கிறதா என்பது முதலாவது. இரண்டாவது, செயல்பாட்டு நிதியில் அந்த ஆண்டு உபரியா, பற்றாக்குறையா என்பது. தொடர்ந்து பற்றாக்குறை வந்தால் கட்டண உயர்வோ சேவைக் குறைப்போ வரக்கூடும் என்று முன்கூட்டியே அறியலாம். மூன்றாவது, ஒதுக்கு நிதியின் இருப்பு எவ்வளவு, அது எங்கே முதலீடு செய்யப்பட்டிருக்கிறது என்பது. 2008இல் லீமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி வீழ்ந்தபோது, அதோடு தொடர்புடைய முதலீடுகளில் பணம் போட்டிருந்த சில நகர மன்றங்கள் இழப்பைச் சந்தித்தன. பொதுப்பணத்தை எங்கே வைக்கிறார்கள் என்ற கேள்வி அப்போது நாடாளுமன்றம் வரை சென்றது. நான்காவது, கட்டண நிலுவை. அண்டை வீட்டார் கட்டாமல் விடும் தொகையும் கடைசியில் எல்லார் மீதும் வந்து விழும்.

தேசிய வளர்ச்சி அமைச்சும் 2010 முதல் நகர மன்ற நிர்வாக அறிக்கையை வெளியிட்டுவருகிறது. துப்புரவு, பராமரிப்பு, மின்தூக்கிகளின் செயல்பாடு, நிலுவை வசூல், நிர்வாக ஒழுங்கு ஆகியவற்றில் ஒவ்வொரு மன்றமும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று தரப்படுத்தப்படும். பச்சை கிடைத்ததாலேயே உங்கள் புளோக்கில் குறையில்லை என்றாகாது. அது மன்றம் முழுவதற்குமான சராசரி. நிர்வாக ஒழுங்கு என்ற பகுதியை மட்டும் கவனமாகப் படிக்கச் சொல்வேன். 2015இல் அன்றைய அல்ஜுனிட்-ஹவ்காங்-பொங்கோல் ஈஸ்ட் நகர மன்றத்தின் கணக்குகள் பற்றித் தலைமைக் கணக்காய்வாளர் வெளியிட்ட அறிக்கையையும் அதைத் தொடர்ந்த நீண்ட விவாதங்களையும் அடுத்து, மன்றங்களைக் கண்காணிக்கும் அமைச்சின் அதிகாரங்களைக் கூட்டும் வகையில் 2017இல் சட்டம் திருத்தப்பட்டது. எந்தக் கட்சியின் மன்றமாக இருந்தாலும் காசோலையில் கையெழுத்திடுபவர் யார், வேலை முடிந்ததைச் சரிபார்ப்பவர் யார் என்ற கேள்விகள் ஒன்றே.

கீழ்த்தளம், நடைவழி, கடைவாசல்

‘வாய்ட் டெக்’ என்று எல்லாரும் சொல்லும் கீழ்த்தளத்தில் திருமண விருந்து, சடங்கு, துக்க நிகழ்ச்சி எதுவானாலும் மன்றத்தின் அனுமதி வேண்டும். விருந்துக்கு நாள் குறித்ததும் விண்ணப்பித்துவிடுங்கள். அதே நாளில் வேறொரு குடும்பம் முந்திக்கொள்ளலாம். வீட்டில் இறப்பு நேர்ந்தால் ஈமச்சடங்கு நடத்தும் நிறுவனமே பெரும்பாலும் அனுமதியைப் பெற்றுத் தரும். ஆயினும் எந்த இடம், எத்தனை நாள் என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். மின்சாரம், தண்ணீர் இணைப்புக்குத் தனிக் கட்டணம் இருக்கலாம். வைப்புத்தொகை வாங்கப்பட்டிருந்தால் இடத்தைத் துப்புரவாக விட்டுச் சென்றால்தான் முழுவதும் திரும்பக் கிடைக்கும்.

தீபாவளிக்கு நடைவழியில் விளக்கு கட்டுவதையும் வாசலில் கோலம் போடுவதையும் பொதுவாக யாரும் தடுப்பதில்லை. ஆனால் செருப்பலமாரி, செடித்தொட்டி, மிதிவண்டி எதுவானாலும் நடைவழியில் 1.2 மீட்டர் அகலத்துக்குத் தடையின்றி இடம் விட வேண்டும் என்பது சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையின் தீப்பாதுகாப்பு விதி. பொது மின்விளக்கிலிருந்து கம்பி இழுப்பது கூடவே கூடாது.

வீவக புளோக்கின் கீழே மளிகைக் கடையோ பூக்கடையோ நடத்த வருபவர்கள், கடைக்கும் மாதாந்தரப் பராமரிப்புக் கட்டணம் உண்டு என்பதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடைக்கு வெளியே வாழைப்பழத் தாரும் தேங்காய்க் கூடையும் வைக்க விரும்பினால், அது பொது இடம். அனுமதிக்கப்பட்ட பகுதி எது, தரையில் போட்டிருக்கும் கோடு எதுவரை, கட்டணம் எவ்வளவு என்று மன்றத்திடம் முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முந்தைய கடைக்காரர் வைத்திருந்தார் என்பது உங்களுக்கு அனுமதி ஆகாது. சமைத்த உணவு விற்பதற்குச் சிங்கப்பூர் உணவு அமைப்பின் உரிமம் தனியாகத் தேவை. மன்றத்தின் அனுமதி அதற்கு மாற்றாக இராது.

கட்டணத்தில் நெருக்கடி வந்தால், மன்றம் மாறினால்

தகுதிபெறும் சிங்கப்பூர்க் குடும்பங்களுக்கு அரசாங்கம் ஆண்டுக்கு 1.5 முதல் 3.5 மாதம் வரையிலான கட்டணத்தைத் தள்ளுபடியாகத் தருகிறது. சிறிய வீடுகளுக்கு அதிகம். அது ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி மாதங்களில் கட்டணத்திலேயே கழிக்கப்படும், விண்ணப்பிக்க வேண்டியதில்லை. முழு வீட்டையும் வாடகைக்கு விட்டவர்களுக்கும் வேறு சொத்து உள்ளவர்களுக்கும் கிடைக்காது. வேலையிழப்பு, நோய் போன்றவற்றால் கட்ட முடியாமல் போனால், நினைவூட்டுக் கடிதங்களை ஒதுக்கி வைக்காமல் மன்ற அலுவலகத்துக்குப் போய்த் தவணை கேளுங்கள். தவணை தருவது வழக்கத்தில் உள்ளது. பேசாமலிருந்தால் தாமதக் கட்டணம் ஏறும், வழக்கு நீதிமன்றம் வரை போகும்.

தேர்தல் எல்லைகள் மாறும்போது, நீங்கள் வீடு மாறாமலே உங்கள் மன்றம் மாறலாம். 2020 பொதுத் தேர்தலுக்குப் பிறகு செங்காங் நகர மன்றம் புதிதாக உருவானபோது, அதுவரை வேறு மன்றங்களின் கீழிருந்த புளோக்குகள் அதனிடம் வந்தன. அப்படி மாறினால் கட்டண அறிவிப்பில் அச்சிடப்பட்டிருக்கும் மன்றத்தின் பெயரையும் கணக்கு எண்ணையும் பாருங்கள். வங்கிக் கணக்கிலிருந்து கட்டணம் தானாகக் கழியும் ஜைரோ ஏற்பாடு தொடர்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். புதிய அவசர எண்ணைப் பதிந்துகொள்ளுங்கள். பழைய மன்றத்தில் நிலுவையிலிருந்த உங்கள் கோரிக்கையின் பதிவெண்ணையும் கடிதங்களின் நகலையும் புதிய மன்றத்துக்கு நீங்களே மறுபடி அனுப்பி, அது அவர்கள் கோப்பில் சேர்ந்ததற்கான பதிலைப் பெற்று வைத்துக்கொள்ளுங்கள்.